கேரவன் டாய்லெட் லீவு நேரத்துல காலை வாராம இருக்க முழு வழிகாட்டி (தென்னாப்பிரிக்கால இருக்கிற நம்ம குடும்பங்களுக்கு)

செகண்ட் ஹேண்ட் கேரவன் (கார் பின்னாடி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி) வாங்குறப்ப டயர் பாப்போம், கூரை ஒழுகுதான்னு பாப்போம், ஃப்ரிட்ஜ் கேஸ்ல ஓடுதான்னு கூட பாப்போம், டாய்லெட்டை மட்டும் மூடியைத் தூக்கி எட்டிப் பாத்துட்டு சரி இருக்குன்னு மூடிடுவோம். அப்புறம் டிசம்பர் லீவுல டர்பனுக்குத் தெற்க கடற்கரையில இருக்கிற ஸ்காட்பர்க் போய் இறங்கினா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆயாவுக்கு அவசரம்னு வரும்போதுதான் பிளேடு (கழிவுப் பெட்டியை மூடுற தகடு) திறக்க மாட்டேங்குது, ஃப்ளஷ் வரல, வண்டி முழுக்க கப்புன்னு நாத்தம். உடனே "இந்த கேரவன் டாய்லெட்டே வேஸ்ட்"னு ஒரு பேச்சு ஆரம்பிக்கும்.

வேஸ்ட் எல்லாம் இல்லீங்க. அது ரொம்ப சிம்பிளான சாமான். மக்கர் பண்றதுக்கு முக்காவாசி காரணம் மூணுதான்: காஞ்சு போன ரப்பர், அடைஞ்சு போன காத்து வழி, அப்புறம் நாம ஊத்துற தண்ணி. மூணாவது காரணத்தை எந்த மேனுவல்லயும் எழுத மாட்டாங்க, ஏன்னா அதை எழுதுறவங்க பேப்பர்ல துடைக்கிறவங்க, நாம கழுவுறவங்க.

உள்ள என்ன இருக்கு

இங்க ஓடுற பழைய ஜர்கன்ஸ், ஸ்ப்ரைட், ஜிப்சி மாதிரி வண்டிகள்ல பலதுல டாய்லெட்டே கிடையாது, போர்ட்டபிள்தான் தூக்கிட்டு போவாங்க. அது ரெண்டு பெட்டி: மேல உக்கார்ற பெட்டியும் ஃப்ளஷ் தண்ணியும், கீழ கழிவு. டாய்லெட் ஃபிட் பண்ணின வண்டின்னா பெரும்பாலும் தெட்ஃபோர்டு இல்லன்னா டொமெட்டிக் கம்பெனி கேசட், அதாவது இழுத்து எடுக்கிற கழிவுப் பெட்டி. வெளிய சைடுல ஒரு சின்னக் கதவு இருக்கும், அதைத் திறந்து கேசட்டை இழுத்து எடுக்கலாம், சாதாரணமா 17லேருந்து 19 லிட்டர் வரைக்கும் பிடிக்கும்.

கேசட்டுக்கு மேல ஒரு வட்டத் தகடு, அதுதான் பிளேடு. நாப்பை (திருகுற கைப்பிடியை) திருப்பினா நகரும், மூடினா சுத்தியிருக்கிற ரப்பர் வளையத்துல, அதாவது லிப் சீல்ல, போய் அணைஞ்சு நிக்கும். மிச்சம் என்னன்னா கொட்டுறதுக்கு ஒரு நீளமான ஸ்பவுட் (மூக்குக் குழாய்), கொட்டும்போது காத்து போக ஒரு பட்டன், உள்ள சேர்ற அழுத்தத்தை விட ஒரு ஆட்டோமேட்டிக் வென்ட், நிறைஞ்சா லைட் போட ஒரு மிதவை. ஃப்ளஷ் பக்கம் ஒரு 12 வோல்ட் பம்ப், பழைய மாடல்னா கைப் பம்ப். அவ்வளவுதான்.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி

முந்தின நாள் ராத்திரி இல்ல, ஒரு வாரம் முன்னாடி. சீல் போயிருந்தா ஸ்பேர் வாங்க டைம் வேணும், டிசம்பர்ல கேரவன் கடையில கேக்குற மாடல் சீல் கிடைக்காம திரும்பி வர்றவங்க நிறைய பேர்.

கேசட்டை வெளிய எடுத்து புல் மேல வைங்க. உள்ள நாலஞ்சு லிட்டர் தண்ணி ஊத்தி, பிளேடை மூடி, ஸ்பவுட் மூடியை இறுக்கிட்டு அப்படியே தலைகீழா கவுத்து பத்து நிமிஷம் விடுங்க. சீல் ஓரமா சொட்டு சொட்டா வந்தா சீல் போச்சு. ஸ்பவுட் மூடிகிட்ட கசிஞ்சா அந்த மூடிக்குள்ள இருக்கிற சின்ன ரப்பர் போச்சு, அது ரொம்ப மலிவான சாமான், ஆனா அதுக்காக முழு கேசட்டையே மாத்தினவங்க இருக்காங்க.

அடுத்தது விரல் டெஸ்ட். க்ளவுஸ் இல்லாம (சுத்தமா கழுவின கேசட்டுதானே, பயப்படாதீங்க) லிப் சீல் மேல ஒரு முழு வட்டம் விரலை ஓட்டுங்க. நல்ல சீல் மெத்துனு வழுக்கும், அமுக்கினா திரும்பி எழும். போன சீல்ல ஒரு இடம் மட்டும் தட்டையா, கொஞ்சம் கெட்டியா இருக்கும், அது பெரும்பாலும் பிளேடு மூடி நிக்கிற பக்கம்தான், அங்க நகத்தால லேசா கீறினா மாவு மாதிரி வெள்ளையா வரும், சில நேரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் துகள் குத்தி கோடு விழுந்திருக்கும். பீச்சுக்குப் போய்ட்டு வர்ற குடும்பங்களுக்கு இந்த மணல்தான் எமன்.

சீல் மாத்துறது வீட்லயே பண்ற வேலைதான். மேல இருக்கிற நகரும் மூடியை மெதுவா நெம்பி எடுத்துடுங்க, பிளேடை முழுசா திறங்க, பழைய சீல் எப்படி உக்காந்திருக்குன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பல மாடல்ல சீல் கையால இழுத்தாலே வந்துடும், சில பழைய மாடல்ல பிளேடு இருக்கிற மொத்த பாகத்தையும் ஸ்க்ரூ கழட்டி திருப்பி எடுக்கணும். காடியை பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு, காய வச்சு, புது சீலை போட்டோல இருக்கிற அதே பக்கமா அமுக்கி உக்கார வைங்க. ஸ்க்ரூவை வெறி பிடிச்ச மாதிரி இறுக்காதீங்க, அது பிளாஸ்டிக், மரை போய்டும்.

எண்ணெய் விஷயம் முக்கியம். சிலிகான் ஸ்ப்ரே போடுங்க, டாய்லெட் சீலுக்குன்னே விக்கிறது இருந்தா இன்னும் நல்லது, ஒண்ணுமே இல்லன்னா கொஞ்சம் ஆலிவ் ஆயில். வீட்ல கைக்கு கிடைக்கிற தேங்காய் எண்ணெய் வேண்டாம், வேற சமையல் எண்ணெயும் வேண்டாம், வாசலின் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிப்போய் பிளேடு அதுல சிக்கிக்கும்.

அதே நேரம் ஃப்ளஷ் பட்டனை அமுக்கி பம்ப் சத்தம் கேக்குதான்னு பாருங்க, டேங்க்ல தண்ணி விட்டுட்டு.

மலை ஏறும்போது

கடல் மட்டத்துல டர்பன்ல கேசட்டை மூடுறீங்க. என்3 ஹைவேல ஏறி, வான் ரீனன் பாஸ் (மலைக் கணவாய்) தாண்டி ஜோபர்க் போனா சுமார் 1,750 மீட்டர் உயரம், அங்க வெளிக்காத்தோட அழுத்தம் கடற்கரையை விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. ஆட்டோமேட்டிக் வென்ட் நல்லா இருந்தா போற வழியிலேயே காத்து தானா வெளிய போய்டும், பிரச்சனை இல்ல. அது அடைஞ்சிருந்தா கடற்கரைக் காத்து உள்ளயே இருக்கும், கூடவே வெயில், கூடவே உள்ள இருக்கிறது புளிச்சு வர்ற கேஸ். மலை மேல இருக்கிற கோல்டன் கேட் பார்க்ல க்ளென் ரீனன் கேம்ப்ல வண்டியை நிறுத்தின கையோட யாராவது உள்ள போய் பிளேடைத் திறந்தா "புஸ்"னு ஒரு சத்தம், நீலக் கலர்ல பொடிப் பொடி துளி, முகத்துல, கண்ணாடில, தொங்கவிட்ட டவல்ல. அது உக்காந்திருக்கும்போது நடந்தா இன்னும் விசேஷம்.

திரும்பி கீழ இறங்கும்போது இதோட எதிர் கதை. ஜோபர்க்ல மூடினது டர்பன் வந்ததும் உள்ள அழுத்தம் கம்மி, வெளிய ஜாஸ்தி, பிளேடு உறிஞ்சிப் பிடிச்ச மாதிரி நிக்கும். அப்ப நம்ம வீட்டு ஆம்பளைங்க என்ன பண்ணுவாங்க, பலத்தைக் காட்டுவாங்க. நாப் கையோட வந்துடும்.

அதனால மலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே பழக்கம்: சைட்டுக்கு வந்து வண்டியை லெவல் பண்ணின உடனே, யாரும் உள்ள போறதுக்கு முன்னாடி, கேசட்டை வெளிய எடுத்து நிமித்தி வச்சு, ஸ்பவுட்டை மேல் நோக்கித் திருப்பி, மூடியை ரொம்ப மெதுவா லூஸ் பண்ணுங்க, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க. காத்து போயிடும் இல்லன்னா வரும், சமமாயிடும். அப்புறம் மூடி உள்ள தள்ளிடலாம். இந்த வேலை காலி கேசட்டோட பண்றதுதான் உத்தமம், முக்கால்வாசி நிறைஞ்சதை இழுத்துக்கிட்டு ஹைவேல ஓடுறது எந்தக் கணக்குலயும் சேராது.

வென்ட் அடைஞ்சிருக்கான்னு தெரிஞ்சுக்க, கேசட்டை வெளிய எடுத்து அந்த சின்ன வால்வை விரலால அமுக்கிப் பாருங்க, ஸ்ப்ரிங் மாதிரி திரும்பி வரணும். ஒட்டிக்கிட்டா வெந்நீர், சோப்பு, பிரஷ். கேசட் முக்காலுக்கு மேல நிறைஞ்சு ஆடும்போது அழுக்கு அந்த வால்வுக்குள்ள ஏறித்தான் அடைச்சுக்கும்.

சைட்டுல செட் பண்றது

கேசட்டுக்குள்ள ரெண்டு லிட்டர் தண்ணி, அதோட கெமிக்கல், பாட்டில்ல போட்ட அளவுக்கு. ஊத்துறது ஸ்பவுட் வழியா, பேசின் (உக்கார்ற கிண்ணம்) வழியா இல்ல, அந்த கெட்டி கெமிக்கல் சீல் மேல பட்டா சீலுக்கு ஆகாது, பேசின்லயும் கறை.

கெமிக்கல் நீலமா பச்சையான்னு கேப்பாங்க. இங்க நிறைய கேம்ப் சைட்டுல, அதுவும் ஃபார்ம் பக்கம், பெர்க் (டிராக்கன்ஸ்பெர்க் மலை) பக்கம், கழிவு போறது செப்டிக் டேங்குக்குத்தான். செப்டிக் டேங்க் வேலை செய்றதே உள்ள இருக்கிற பாக்டீரியாவால, ஃபார்மால்டிஹைடு மாதிரி சரக்கு கலந்த கெமிக்கல் அதைக் கொன்னுடும். அதனால நான் பச்சை தவிர வேற வாங்குறதில்ல, செப்டிக் டேங்குக்கு ஆகும்னு பாட்டில்லயே போட்டிருக்கணும். ஜேய்ஸ் ஃப்ளூயிட், டெட்டால் (ரெண்டும் கிருமிநாசினி), ஜிக் (ப்ளீச்), இது மூணும் நம்ம வீடுகள்ல சர்வரோக நிவாரணி, தெரியும். ஆனா மூணும் அந்த பாக்டீரியாவுக்கு விஷம், ஜிக் ரப்பரையும் தின்னுடும். ஹேண்டி ஆண்டி (தேய்ச்சுக் கழுவுற க்ரீம்) போட்டு பேசினைத் தேச்சா பளபளப்பு போய் கீறல் விழும், அப்புறம் அழுக்கு அந்தக் கீறல்லதான் உக்காரும். சாதாரண பாத்திரம் கழுவுற லிக்விட் போதும்.

டர்பன் வெயில்ல, ஜனவரி பிப்ரவரி புழுக்கத்துல, துணி சோப்பு லிக்விட் ஊத்தினாலே போதும்னு சிலர் சொல்றாங்க, என் அனுபவத்துல அது ஒரு நாளுக்கு மேல தாங்கல. குளிர்காலத்துல, சார்டீன் ஓட்டம் (மத்தி மீன் கூட்டம் கூட்டமா வர்றது) பாக்க ஜூன் ஜூலைல சவுத் கோஸ்ட் போறப்ப, ஓகே.

தண்ணி கணக்கு

இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. 18 லிட்டர் கேசட்ல ஆரம்பத்துல ஊத்தின ரெண்டு போக மிச்சம் 16. ஒருத்தர் ரெண்டுக்குப் போறார்னா முன்னாடி அரை லிட்டர் ஃப்ளஷ், கழுவ ஒரு சொம்பு ஒரு லிட்டர், பின்னாடி அரை லிட்டர் ஃப்ளஷ், ரெண்டு லிட்டர் காலி. எட்டு பேர் போனா கேசட் ஃபுல். அஞ்சு பேர் இருக்கிற வீடு, ராத்திரி ஒண்ணுக்குப் போறதையும் சேத்தா, ரெண்டாவது நாள் மத்தியானம் தாண்டாது. அதுவும் முந்தின ராத்திரி பன்னி சவ் (குடைஞ்ச பிரெட்டுக்குள்ள கறிக் குழம்பு) சாப்பிட்டிருந்தா கேக்கவே வேண்டாம்.

கழுவாதீங்கன்னு நான் சொல்ல வரல, அது நடக்காது. சொம்பை வண்டிக்குள்ள கொண்டு வராதீங்க, அவ்வளவுதான். பேபி கடையில, ஃபார்மசில மூக்கு நீண்ட பிதுக்குற பாட்டில் கிடைக்குது, 300 மில்லி இருக்கும், சாஸ் பாட்டில் கழுவினது கூட ஆகும், அது ஒரு தடவைக்குத் தாராளம். ஃப்ளஷ்ஷையும் பட்டனை அமுக்கிக்கிட்டே நிக்காம சின்னச் சின்னதா விட்டா கேசட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நாள் வரும். பிள்ளைங்களுக்கு இதை ஒரு தடவ செஞ்சு காட்டணும், சொன்னா ஏறாது.

பகல்ல எல்லாரும் அப்ளூஷன் பிளாக்குக்கு (கேம்ப்போட பொதுக் குளியலறை, கழிப்பறை) நடக்கட்டும், கேரவன் டாய்லெட் ராத்திரிக்கும், வயசானவங்களுக்கும், மழைக்கும். வீட்ல இந்த ஒரு ரூல் போட்டா பாதி சண்டை இல்ல. ஈஸ்டர் லாங் வீக்கெண்ட் மாதிரி பிளாக்ல க்யூ நிக்கிற நாள்ல மட்டும் ரூலைத் தளர்த்திக்கலாம்.

பேப்பர் போடுறவங்க ஒன் பிளை (ஒரே அடுக்கு) போடுங்க. ஒரு ஜாம் பாட்டில்ல தண்ணி விட்டு ரெண்டு தாள் போட்டு குலுக்குங்க, கரைஞ்சு கஞ்சியா போனா நல்ல பேப்பர், துணி மாதிரி மிதந்தா அது மிதவைல சுத்திக்கும். வெட் வைப்ஸ் எந்த பிராண்டா இருந்தாலும் உள்ள போடக் கூடாது.

மக்கர் பண்ணும்போது

நாத்தம் வந்தா மேல மேல கெமிக்கல் ஊத்தாதீங்க. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி மூடின பிளேடு மேல அரை டம்ளர் தண்ணி விட்டுட்டு யாரையும் தொட விடாதீங்க, காலைல தண்ணி அப்படியே இருந்தா சீல் நல்லா இருக்கு, நாத்தம் வேற எங்கேருந்தோ வருது. தண்ணி காணாம போயிருந்தா சீல். சீல் நல்லா இருந்தா அடுத்து வெளிக் கதவோட ரப்பர், அப்புறம் கேசட் முழுசா உள்ள போய் லாக் ஆகியிருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, கூரையில காத்தை உறிஞ்சுற ஃபேன் ஓடும்போது பிளேடைத் திறந்தா அந்த ஃபேன் கேசட்டுக்குள்ள இருக்கிற காத்தை அப்படியே மேல இழுத்து வண்டிக்குள்ள விட்டுடும். முதல்ல ஃபேனை நிறுத்தணும், பிளேடை மூடினப்புறம் போடணும். (கூரை ஜன்னலைத் திறந்து வச்சிட்டு வெளிய போகாதீங்க, குரங்கு உள்ள இறங்கி டாய்லெட் ரோலை பார்க் முழுக்க தோரணம் கட்டிடும்.)

பிளேடு திறக்கலன்னா பலம் வேண்டாம், மேல சொன்ன மாதிரி கேசட்டை எடுத்து ஸ்பவுட் மூடியை லூஸ் பண்ணுங்க. அப்பவும் நகரலன்னா சீல் காஞ்சு ஒட்டியிருக்கு, ஓரத்துல வெதுவெதுப்பான தண்ணி விட்டு கால் மணி நேரம் ஊற வச்சு கொஞ்சம் கொஞ்சமா முன்ன பின்ன ஆட்டுங்க. பிளேடு பாதி திறந்த நிலைல கேசட் வெளிய வராது, இழுத்தா உடையுறது கேசட் இல்ல, டாய்லெட்டோட அடிப்பாகம், அதை மாத்துறது பெரிய செலவு.

ஃப்ளஷ் வரலன்னா வரிசையா போங்க. டேங்க்ல தண்ணி இருக்கா? பட்டன் அமுக்கினா பம்ப் சத்தம் வருதா? சத்தம் வருது தண்ணி வரலன்னா காத்து அடைப்பு இல்லன்னா ஃபில்டர்ல குப்பை. சத்தமே இல்லன்னா முதல்ல பேட்டரி, கரண்ட் கட்ல ரெண்டு நாள் லைட் எரிச்சு பேட்டரியை உறிஞ்சிருப்பீங்க, மல்டி மீட்டர்ல 12 வோல்ட்டுக்கு ரொம்ப கீழ காட்டினா பம்ப் மேல பழி போடாதீங்க. அடுத்து ஃப்யூஸ், கேசட் கதவைத் திறந்தா பல மாடல்ல அங்கயே இருக்கும், அதே ஆம்பியர்ல மாத்துங்க. அடுத்து கேசட் சரியா உக்காரலையான்னு பாருங்க, சில மாடல்ல கேசட் இடத்துல இல்லன்னா ஃப்ளஷ் வேலை செய்யாது. எல்லாம் சரின்னா பம்ப்புக்கு நேரா பேட்டரியிலேருந்து ரெண்டு ஒயர் கொடுத்துப் பாருங்க, சுத்தலன்னா பம்ப் போச்சு. அதுவரைக்கும் ஒரு மக் தண்ணி போதும், அதுக்காக யாரும் ட்ரிப்பை கேன்சல் பண்ண வேண்டாம். டர்பன்ல, ஜோபர்க்ல முனிசிபல் தண்ணி நின்னு போறது சகஜம் ஆயிடுச்சு, வண்டில 5 லிட்டர் கேன் ஒண்ணு எப்பவும் இதுக்குன்னே இருக்கட்டும்.

சிவப்பு லைட் அணையவே மாட்டேங்குது, இல்லன்னா எரியவே மாட்டேங்குதுன்னா மிதவைல பேப்பர் சுத்தியிருக்கும், இல்லன்னா மூத்திர உப்பு படிஞ்சு ஒட்டியிருக்கும். சிட்ரிக் ஆசிட் வெந்நீர்ல கரைச்சு ராத்திரி ஊற வச்சா பெரும்பாலும் விட்டுடும். லைட்டை நம்புறதை விட கேசட்டைத் தூக்கிப் பாக்குறது நல்லது, ஃபுல் ஆனா 20 கிலோவுக்கு மேல கனக்கும், இடுப்பு வலி இருக்கிறவங்க அதுக்கு முன்னாடியே காலி பண்ணிடுங்க.

தரையில ஈரம் கண்டா பயப்படாதீங்க, முகர்ந்து பாருங்க. வாசனையே இல்லன்னா ஃப்ளஷ் டேங்க் தண்ணி. டேங்க்கை நிறைச்சுக்கிட்டு வண்டி இழுத்தா வளைவுல தளும்பும், அல்லது பம்ப் அடியில ரப்பர் வளையம் போயிருக்கும்.

கொட்டுறது

வெயில் காலத்துல ரெண்டு நாளுக்கு ஒரு தடவ, நிறையலன்னாலும். எங்க கொட்டணும்னு ஆபீஸ்ல கேளுங்க, கெமிக்கல் டாய்லெட்டுக்குன்னு தனி இடம் எல்லா கேம்ப்லயும் இருக்காது, சில இடத்துல அப்ளூஷன் பிளாக்ல ஒரு குறிப்பிட்ட டாய்லெட்டைக் காட்டுவாங்க. மழைத் தண்ணி ஓடையில வேண்டாம், இங்க அது நேரா ஆத்துக்கும் கடலுக்கும்தான் போகுது, நாளைக்கு நம்ம பிள்ளைங்கதான் அதுல குளிக்கும்.

க்ளவுஸ் போட்டுக்கோங்க. ஸ்பவுட்டை வெளிய திருப்பி, மூடியை எடுத்து (மூடியை பாக்கெட்ல போடாதீங்க, தரையில கண்ணு படுற இடத்துல வைங்க), ஸ்பவுட் கீழ சாஞ்சப்புறம்தான் கட்டை விரலால காத்து பட்டனை அமுக்கணும். அமுக்காம ஊத்தினா குபுக் குபுக்குன்னு வந்து கால்ல தெறிக்கும், நிமித்தி வச்சே அமுக்கினா அந்த ஓட்டை வழியா கைல வரும். ரெண்டு மூணு தடவ தண்ணி விட்டு குலுக்கி ஊத்துங்க. கொட்டுற இடத்துல இருக்கிற ஹோஸ் பைப்பை குடி தண்ணி டேங்க்ல சொருகவே கூடாது, கேசட்டுக்குன்னு ஒரு தனி சின்ன கேன் வச்சுக்கோங்க.

வீடு வந்தப்புறம்

கழுவி, நிழல்ல காய வச்சு, சீலுக்கு சிலிகான் போட்டு, பிளேடைத் திறந்த நிலைலயும் ஸ்பவுட் மூடியைக் கழட்டின நிலைலயும் வைங்க. மாசக்கணக்கா மூடி வச்சா சீல் அமுங்கி அந்த இடத்துல தட்டையாகிடும். ஜோபர்க், ஹாரிஸ்மித், அண்டர்பெர்க் பக்கம் வண்டி நிக்குதுன்னா மே மாசத்துக்குள்ள ஃப்ளஷ் டேங்க்லயும் பைப்லயும் ஒரு சொட்டு தண்ணி இல்லாம வடிச்சிடுங்க, ஜூலைல உறைஞ்சா பம்ப் வெடிச்சிடும். டர்பன்ல உறையாது, ஆனா தேங்கின தண்ணில பாசி பிடிக்கும், அங்கயும் வடிக்கத்தான் வேணும்.

வண்டில ஒரு பழைய ஐஸ்க்ரீம் டப்பால இதெல்லாம் போட்டு வைங்க: உங்க மாடலுக்கு ஒரு லிப் சீல், ஸ்பவுட் மூடி ரப்பர், ரெண்டு ஃப்யூஸ், சிலிகான் ஸ்ப்ரே, பழைய டூத் பிரஷ், க்ளவுஸ், சின்ன ஸ்க்ரூ டிரைவர். மாடல் நம்பர் கேசட் கதவுக்கு உள் பக்கம் ஸ்டிக்கர்ல இருக்கும், அதை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கிட்டு கடைக்குப் போங்க, "வெள்ளைக் கலர், வட்டமா இருக்கும்"னு சொன்னா அவங்களால ஒண்ணும் எடுத்துக் கொடுக்க முடியாது.